புத்தரின் ஆடை மடிப்பும் வணிகர்களின் வழித்தடங்களும்

பெஷாவர் பக்கத்தில் கிடைத்த புத்தருக்கும் ஜப்பானியக் கோயிலில் நிற்கும் புத்தருக்கும் ஏதோ உறவு தெரிகிறதே, நடுவில் இத்தனை மலையும் பாலைவனமும் கடலும் கிடக்க அது எப்படி நடந்தது, வணிகப் பாதைக்கும் சிற்பப் பாணிக்கும் உண்மையில் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழக்கமாகக் கிடைக்கும் பதில் இது: அலெக்சாந்தருக்குப் பின் தங்கிவிட்ட கிரேக்கர்கள் பெஷாவரைச் சுற்றிய காந்தாரத்தில் புத்தருக்கு உருவம் கொடுத்தார்கள், அது பட்டுப்பாதையில் ஏறிச் சீனா, கொரியா, ஜப்பான் என்று போய்ச் சேர்ந்தது. இதை அடியோடு ஒதுக்க முடியாது. ஆனால் இந்தக் கதையில் கடல் வருவதில்லை, தென்னிந்தியா வருவதில்லை, சிலைக்குக் காசு கொடுத்தவரும் வருவதில்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டால்தான் விஷயம் விளங்கும்.

பழைய புத்தர் சிலைகளைப் பார்க்கும்போது நான் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. முகம் எந்த ஊருக்குப் போனாலும் விரைவிலேயே அந்த ஊர்க்காரர் முகமாக ஆகிவிடும். நான் பார்ப்பது துறவாடையை. அது இரண்டு தோளையும் மூடுகிறதா, வலது தோளைத் திறந்து விடுகிறதா? மடிப்புகள் ஆழமாக வெட்டியவையா, கயிறு ஒட்டியது போல் மேலெழுந்தவையா, மடிப்பே இல்லாமல் உடம்போடு ஒட்டிக் கிடக்கிறதா? கீழ் விளிம்பு எப்படி முடிகிறது? சிற்பிகள் இவற்றைக் குருவிடமிருந்தும் மாதிரியிடமிருந்தும் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். ஒரு சிலை எந்த வழியாக வந்தது என்று பெரும்பாலும் ஆடைதான் சொல்கிறது.

முதல் சில நூற்றாண்டுகள் புத்தருக்கு உருவமே கிடையாது. சாஞ்சியிலும் பார்ஹுத்திலும் அவர் இருக்க வேண்டிய இடத்தில் அடிச்சுவடுகளோ அரச மரமோ வெற்றிருக்கையோ அறவாழியோதான் இருக்கும். ஆனால் காசு கொடுத்தவர்களின் பெயர்கள் அப்போதே கல்லில் ஏறிவிட்டன. சாஞ்சித் தெற்குத் தோரணத்தில் ஒரு கல்வெட்டு, அங்குள்ள சிற்ப வேலை விதிசை நகரத்துத் தந்த வேலைக்காரர்கள் செய்தது என்கிறது. கைக்குள் அடங்கும் தந்தத்தில் நுணுக்கமாகச் செதுக்கிப் பழகிய கைகள் தோரணக் கல்லிலும் வேலை செய்திருக்கின்றன. அந்தத் தோரணத்தில் ஒரு விரல்கடை இடம்கூட வெறுமையாக இல்லாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் கார்லே, பாஜா, ஜுன்னர் குகைகள் எல்லாம் துறைமுகத்திலிருந்து தக்காணத்துக்கு ஏறும் கணவாய்களை ஒட்டி இருப்பதும் தற்செயல் அல்ல. சாத்து, அதாவது வணிகர் கூட்டம், போகும் வழியில் விகாரம் என்ற பௌத்த மடம் இருந்தால் வணிகருக்குத் தங்க இடம், துறவிக்கு உணவு. புத்தர் ஞானம் பெற்றதும் அவருக்கு முதன்முதலில் உணவளித்தவர்களாகப் பௌத்த மரபு சொல்லும் தபுசர், பல்லிகர் இருவருமே சாத்து வணிகர்கள்தாம்.

உருவம் பரவலாக வருவது காந்தாரத்தையும் வட இந்தியாவையும் ஆண்ட குஷாணர் காலத்தில், கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில். ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு பட்டறைகள் இயங்கின. மதுராவில் புள்ளி விழுந்த செம்மணற்கல்லில், அகன்ற தோளும் திறந்த வலது தோளுமாக, யட்சன் சிலைகளின் வழியில் வந்த புத்தர். காந்தாரத்தில் சாம்பல் நிற சிஸ்ட் கல்லில், அலையலையான முடியும் இரு தோளையும் மூடிய கனத்த போர்வையுமாக இன்னொரு புத்தர். எது முந்தி என்று நூறு ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது. இரண்டும் ஒரே பேரரசுக்குள், ஒரே சாலையின் இரு முனைகளில் பிறந்தவை என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கனிஷ்கர் வெளியிட்ட தங்கக் காசு ஒன்றில் புத்தர் நிற்கிறார். பக்கத்தில் கிரேக்க எழுத்தில் 'போத்தோ' என்று பெயர். மடியில் முடிந்துகொண்டு போகக்கூடிய புத்தர் உருவம் அது.

காந்தாரத்தின் 'கிரேக்க' சாயல் எங்கிருந்து வந்தது என்பதற்கு, காபூலுக்கு வடக்கே பெக்ராமில் 1937-லும் 1939-லும் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் திறந்த இரண்டு அறைகளைப் பார்த்தாலே போதும். அடைத்துப் பூசப்பட்டிருந்த அந்த அறைகளுக்குள் ரோமானியக் கண்ணாடிக் கலங்களும் வெண்கல உருவங்களும், சீனத்து அரக்குப் பூச்சுப் பெட்டிகளின் துண்டுகளும், இந்தியத் தந்தச் செதுக்கல்களும் ஒன்றாகக் கிடந்தன. இவற்றைவிட என்னைக் கவர்வது கூடவே கிடைத்த வெள்ளைச் சுண்ண வட்டுகள். மத்தியதரைக்கடல் பக்கத்து வெள்ளித் தட்டுகளில் இருந்த புடைப்பு உருவங்களை அச்செடுத்த வார்ப்புகள் அவை. வெள்ளித் தட்டை வாங்க அரசனால்தான் முடியும். சுண்ண வார்ப்பு ஒன்று பட்டறைக்கு வந்துவிட்டால், அதைப் பார்த்து எத்தனை பேர் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். காந்தாரச் சிலைகள் செழித்தபோது கிரேக்க அரசர்களின் ஆட்சி அங்கே முடிந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. வந்துகொண்டிருந்தது ரோமானியச் சரக்கு. அதோடு வந்தது உருவமும் ஆடையும். ஆப்கானிஸ்தானின் ஹத்தாவில் புத்தருக்குக் காவலாக இருக்கும் வஜ்ரபாணி, சிங்கத் தோல் போர்த்திய கிரேக்க வீரர் ஹெராக்ளிஸின் சாயலில் இருப்பதற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம்.

மலை தாண்டியதும் கல் மாறுகிறது. தக்லமாக்கான் பாலைவனத்தைச் சுற்றிய சோலை நகரங்களில் நல்ல சிற்பக் கல் கிடையாது. மரச் சட்டத்தில் வைக்கோலும் நாணலும் கட்டி, மண் அப்பி, சுதை பூசி, வண்ணம் தீட்டினார்கள். ஆப்கானிஸ்தானின் பாமியானில் மலையைக் குடைந்து 55 மீட்டரும் 38 மீட்டருமாக இரண்டு புத்தர்களை நிறுத்தியவர்களும் உடம்பை மட்டும்தான் பாறையில் வெட்டினார்கள். ஆடை மடிப்புகளுக்கு முளை அடித்து, கயிறு கட்டி, அதன்மேல் மண் சாந்து பூசினார்கள். காந்தாரத்தில் உளி ஆழமாக வெட்டிய மடிப்பு, மண்ணில் வேலை செய்பவர் கைக்கு வரும்போது கயிறு ஒட்டியது போன்ற கோடாகிவிடுகிறது. பொருள் மாறியதால் பாணி மாறிய இடம் இது. 2001 மார்ச்சில் அந்த இரு சிலைகளையும் வெடிவைத்துத் தகர்த்தபோது போனது இரண்டு சிலைகள் மட்டுமா? இந்தியாவும் ஈரானும் சீனாவும் கை கோத்த இடத்தின் நேர்ச் சான்று போய்விட்டது. இதை எழுதும்போதும் மனம் ஆறவில்லை.

அடுத்து குச்சா நகரத்தை ஒட்டிய கிசில் குகைகள். அங்கே சுவரோவியங்களில் நீலம் வாரி இறைக்கப்பட்டிருக்கும். ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைச் சுரங்கத்திலிருந்து வந்த லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்து எடுத்த நீலம் அது. ஓவியத்தின் வண்ணமே வணிகச் சரக்கு என்றால், வணிகர் வராத ஆண்டில் அந்த நீலமும் வராது. துணியும் அப்படித்தான். ஈரானியப் பட்டில் நெய்யப்படும் ஒரு அலங்காரம் உண்டு: முத்துகள் கோத்த வட்டம், அதற்குள் பறவையோ வேட்டைக்காரனோ. அது கிசிலில் சுவரில் தெரிகிறது. சீனாவின் வடமேற்கு எல்லையிலுள்ள துன்ஹுவாங்கின் 420-ஆம் குகையில் சூய் வம்சக் காலத்துப் போதிசத்துவரின் (புத்தராகும் வழியில் இருந்து பிறருக்கு உதவுபவரின்) ஆடையில் தெரிகிறது. ஜப்பானில் ஹோர்யூஜி கோயிலில் காத்துவைத்திருக்கும் பட்டுத் துணியில், சிங்கத்தை வேட்டையாடும் குதிரை வீரர்களைச் சுற்றி மறுபடியும் தெரிகிறது. சந்தையில் உயர்ந்ததாக எந்தத் துணி இருந்ததோ அதைத் தங்கள் தெய்வத்துக்கு உடுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

துன்ஹுவாங் என்றாலே பலருக்கும் 1900-இல் திறக்கப்பட்ட ஏட்டறைதான் நினைவுக்கு வரும். 868-ஆம் ஆண்டுத் தேதியோடு அச்சிட்ட வஜ்ரச்சேதிகை சூத்திரம் என்ற பௌத்த நூல் கிடைத்த அறை. அதே அறையில் உருவத்தின் கோடுகள் நெடுக ஊசித் துளை போட்ட காகிதங்களும் கிடைத்தன. சுவரில் காகிதத்தை வைத்து, மேலே பொடியைத் தட்டினால், துளை வழியே புள்ளி விழும். புள்ளிகளை இணைத்தால் புத்தர். நம் வீட்டு வாசலில் கோல அச்சை உருட்டுவதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. குகை விதானத்தில் நூற்றுக்கணக்கில் ஒரே அளவாக வரிசையிட்ட சிறு புத்தர்கள் எப்படி வந்தார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். இப்படி ஒரு காகிதக் கட்டு போதும், ஒரு பாணி ஊர் மாறுவதற்கு.

அங்குள்ள மொகாவ் குகைகளில் ஓவியம் உள்ளவை 492. முதலாவதை 366-இல் ஒரு துறவி குடைந்தார் என்பது மரபு. எனக்கு மிகவும் பிடித்தது 45-ஆம் குகையின் தெற்குச் சுவர். தாங் வம்சக் காலத்தது. மலைப்பாதை. ஓங்கிய மூக்கும் அடர்ந்த தாடியுமாக மேற்கிலிருந்து வந்த வணிகர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். சரக்கு மூட்டைகள் அவிழ்த்துத் தரையில் கிடக்கின்றன. பின்னால் பொதி கழுதைகள். எதிரே உருவிய வாளோடு கொள்ளையர். கள்வர் கையில் சிக்கினாலும் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரர் பெயரைச் சொன்னால் தப்பலாம் என்ற தாமரைச் சூத்திர வரியின் ஓவியம் அது. வழிநடையில் உயிர் போகும் அச்சம் வணிகருக்கு அன்றாடம் இருந்தது. அந்த அச்சத்துக்கு மருந்தாக ஒரு போதிசத்துவர் இருந்தார். வணிகர்கள் ஏன் குகைக்குக் காசு கொடுத்தார்கள் என்று இனி யாராவது கேட்டால் இந்தச் சுவரைக் காட்டுங்கள்.

வட சீனத்தில் 439-இல் வடக்கு வெய் அரசு துன்ஹுவாங்குக்குக் கிழக்கே உள்ள லியாங்சோவை வென்று, ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தன் தலைநகருக்குப் பெயர்த்துக்கொண்டு போனது. துறவிகளும் கைவினைஞர்களும் அதில் உண்டு. 460-இல் அந்தத் தலைநகரை ஒட்டிய யுன்காங் மணற்கல் குன்றில் வேலை தொடங்கியது. அங்கே 20-ஆம் குகையில் அமர்ந்திருக்கும் பெரிய புத்தரின் ஆடைக் கோடுகளில் இன்னும் மேற்குச் சாயல்தான். பிறகு அரசவையில் சீன உடை கட்டாயமானது. 494-இல் தலைநகர் லோயாங்குக்கு மாறியது. அதை ஒட்டிய லுங்மன் குகைகளில் புத்தரும் சீனப் பெரியவரைப் போல மார்பில் முடிச்சிட்ட அங்கி உடுத்தி, அதன் விளிம்பு பீடத்தின்மேல் அடுக்கடுக்காக வழிய அமர்ந்தார். இந்த வழியும் விளிம்புதான் கொரியா வழியாக ஜப்பானுக்குப் போய், ஹோர்யூஜியின் 623-ஆம் ஆண்டு வெண்கலச் சாக்கியமுனி புத்தரில் அப்படியே நிற்கிறது. அதை வார்த்த தோரி, குதிரைச் சேணம் செய்யும் குடியில் வந்தவர்; அவருடைய பாட்டனார் கடல் தாண்டி வந்து குடியேறியவர்.

இனி கடல். தென்னாட்டில் நமக்கு மிக அருகில் இருந்தும் நாம் குறைவாகப் பேசும் பாதை இது.

கிருஷ்ணா ஆற்றங்கரை அமராவதியில் சுண்ணாம்புக் கல்லில் உருவான புத்தர் வேறு வகை. வலது தோள் திறந்திருக்கும். ஆடையில் மெல்லிய இணைகோடுகள் சாய்வாக ஓடும். கீழே, கணுக்காலுக்கு மேல், துணி கனமாகத் திரண்டு ஒரு தடித்த மடிப்பாக இடப்பக்கம் ஏறும். இந்தக் கீழ் மடிப்பைப் பிடித்துக்கொண்டால் வங்கக்கடலையே தாண்டிவிடலாம். அமராவதிக் கல்லில் செதுக்கிய சிற்பங்களே இலங்கையில் கிடைத்திருக்கின்றன. அனுராதபுரத்துப் புத்தர்களில் அதே மடிப்பு. வியட்நாமின் தோங் துவோங்கில் கிடைத்த வெண்கலப் புத்தரிலும் அதே மடிப்பு. பௌத்த அரசு ஏதும் இருந்ததற்குத் தடயம் இல்லாத, இந்தோனேசியாவின் சுலவேசித் தீவின் மேற்குக் கரையில், ஓர் ஆற்றின் முகத்துவாரத்தருகே, 1921-இல் கிடைத்த வெண்கலத்திலும் அதுவே. இவை ஆந்திரத்தில் வார்த்தவையா, இலங்கையிலா, அங்கேயே வார்த்தவையா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. கப்பலில் போனவை அல்லது கப்பலில் போனதைப் பார்த்துச் செய்தவை என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

சீனத் துறவி பாஹியான் 399-இல் சீனாவிலிருந்து தரை வழியாகக் கிளம்பியவர். கூட வந்தவர்களில் சிலர் திரும்பிவிட்டார்கள், சிலர் இறந்துபோனார்கள். கடைசியில் அனுராதபுரத்து அபயகிரி விகாரத்தில், பச்சைக்கல் புத்தர் முன்னே, ஒரு வணிகர் சீனத்து வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைப்பதைக் கண்டு தன்னையறியாமல் கண்ணீர் விட்டார் என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் பல ஆண்டுகள் நடந்து சுற்றி வந்த இடத்துக்கு அந்த விசிறி வணிகச் சரக்காகவே வந்து சேர்ந்திருக்கிறது. திரும்பும் பயணம் இருநூறு பேருக்கு மேல் ஏறிய வணிகக் கப்பலில். புயலில் கப்பலுக்குள் தண்ணீர் ஏறியபோது எல்லோரும் மூட்டைகளைக் கடலில் எறிந்தார்கள். பாஹியானும் தன் செம்பையும் கைகழுவும் பாத்திரத்தையும் எறிந்தார். தன்னிடமிருந்த நூல்களையும் படிமங்களையும் வணிகர்கள் எறிந்துவிடுவார்களோ என்று நடுங்கி, அவலோகிதேசுவரரை வேண்டினார். படிமங்கள் தப்பின. 412-இல் அவர் கரையேறியது சீனாவின் ஷான்டொங் கடற்கரையில்.

அதே ஷான்டொங்கில், சிங்சோ நகரத்தின் பழைய கோயில் வளாகம் ஒன்றில், 1996-இல் நூற்றுக்கணக்கான சிலைகள் ஒரே குழியிலிருந்து வெளிவந்தன. அவற்றில் ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தியவற்றைப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். லுங்மன் பாணியின் வழியும் அங்கி போய்விட்டது. ஆடை உடம்போடு ஒட்டி, பலவற்றில் மடிப்பே இல்லாமல், வண்ணத்தால் மட்டும் தெரிகிறது. குப்தர் காலத்துச் சாரநாத் புத்தரின் ஆடை இது. சாரநாத் பாணி தாய்லாந்திலும் கம்போடியாவிலும் வேரூன்றிய காலம்தான் அது. அங்கிருந்து தென் சீனத் துறைமுகங்கள் வழியாக வடக்கே ஏறியது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. நிலவழியில் வந்த மடிப்பைச் சீன அங்கி விழுங்கியது. கடல்வழியில் வந்த மென்துணி அந்த அங்கியையும் கழற்றிவிட்டது.

பெஷாவருக்கும் ஜப்பானுக்கும் உள்ள உறவைக் கேட்டீர்கள். கியோட்டோவின் செய்ர்யோஜி கோயிலில் ஏறத்தாழ 160 சென்டிமீட்டர் உயர மரப் புத்தர் ஒருவர் நிற்கிறார். இரு தோளும் மூடிய ஆடை. கழுத்திலிருந்து கால்வரை வட்டம் வட்டமாகக் கயிறு மடிப்பு. முடியும் கயிறு சுற்றியது போல. சுற்றியுள்ள ஜப்பானியச் சிலைகள் எதனோடும் ஒட்டாத உருவம். சோநென் என்ற துறவி சீனாவில் பார்த்த புகழ்பெற்ற சிலை ஒன்றுக்கு 985-இல் பிரதி செதுக்கி எடுத்து வந்தது இது. புத்தர் உயிரோடிருந்தபோதே கௌசாம்பி அரசர் உதயணர் சந்தனத்தில் செய்வித்த உருவம் என்று அந்த மூலச் சிலையைச் சீனர் நம்பினர். நம்பிக்கை எப்படியிருந்தாலும், மூலம் மத்திய ஆசியப் பாணியில் இருந்தது என்று மடிப்பே சொல்கிறது. பிரதி எடுத்தவர்கள் ஒரு கோட்டைக்கூட மாற்றத் துணியவில்லை. மாற்றினால் அது உதயணர் சிலையின் பிரதியாகாது. 1950-களில் சிலையின் உட்குடைவைத் திறந்தபோது உள்ளே பட்டுத் துணியில் தைத்த குடல், இதயம், நுரையீரல் போன்ற உறுப்புகள் இருந்தன. அவர்கள் செய்தது உயிருள்ள ஒருவரைக் கடல் கடத்திக் கொண்டுவருவதற்கு நிகரான காரியம். 'செல்வாக்கு' என்ற சொல்லை இந்தத் துறையில் எல்லோரும் எளிதாகப் பயன்படுத்துகிறோம். இத்தகைய இடங்களில் அது போதவே போதாது.

தமிழகத்துக்கு இதில் உள்ள பங்கு சின்னதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் 1960-களின் அகழாய்வில் விகாரத்தோடு கிடைத்த கல் புத்தபாதம் அமராவதி வழியில் வந்தது. மணிமேகலை மணிபல்லவத்தில் வணங்குவதும் புத்தரின் பாத பீடிகையைத்தான். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசர் மாறவிஜயோத்துங்கவர்மர் தம் தந்தையின் பெயரால் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, ராஜராஜ சோழர் தம் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை வழங்கினார். ராஜேந்திரர் 1025-இல் கடாரத்தின்மேல் படையெடுத்த பிறகும் விகாரம் அழியவில்லை. குலோத்துங்கர் காலத்திலும் அதற்கு உரிமைகள் உறுதிசெய்யப்பட்டன. அந்த ஊரில் 1856 முதல் கிடைத்த பௌத்தச் செப்புத்திருமேனிகள் ஏறத்தாழ 350. ஒன்றின் பீடத்தில், இது திருவிழாவில் எழுந்தருளச் செய்ய வார்த்த ஆழ்வார் என்று புத்தரைக் குறித்திருக்கிறார்கள். சோழநாட்டு உற்சவர் வழக்கம் புத்தருக்கும் வந்துவிட்டது. தலை உச்சியில் எழும் சுடரோ, இலங்கைக்கும் தாய்லாந்தின் சுகோதாய்க்கும் பொதுவானது. எதிர்த் திசையிலும் ஆட்கள் போனார்கள்: பீகாரின் குர்கிஹாரில் 1930-இல் கிடைத்த, வங்காளத்தையும் பீகாரையும் ஆண்ட பாலர் காலச் செப்புத்திருமேனிகளில் பலவற்றின் கல்வெட்டுகள், அவற்றை வழங்கியவர்கள் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்கின்றன.

பாலர் வார்ப்பு சுமத்திரா, ஜாவா, பாகன், திபெத் என்று போன கதை தனியாக எழுத வேண்டியது. நேபாளத்து நேவார் கலைஞர் அனிகே குப்லாய் கானிடம் போய் 1270-களில் பெய்ஜிங்கில் கட்டிய வெள்ளைத் தூபி இன்றும் நிற்கிறது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன். புத்தர் உருவம் மேற்கேயும் போயிருக்கிறது: எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில், ஐசிஸ் கோயில் முற்றத்தில், 2022 அகழாய்வில் 71 சென்டிமீட்டர் பளிங்குப் புத்தர் கிடைத்தார். கல் மத்தியதரைக்கடல் பக்கத்தது. அதாவது, இந்தியாவிலிருந்து கொண்டுபோன சிலை அல்ல. கேட்டு அங்கேயே செய்வித்தது.

இவற்றை நேரில் பார்க்க விரும்பினால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குங்கள். அமராவதிக் கற்களும் நாகப்பட்டினத்துச் செப்புகளும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கல்லில் இருக்கும் ஆடை விளிம்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு செப்புகளிடம் போங்கள்; எது மாறாமல் வந்தது, எதை நாகப்பட்டினத்து ஸ்தபதி தன் போக்கில் செய்துகொண்டார் என்று தானாகவே தெரியத் தொடங்கும். காந்தாரத்துக்குக் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம் போக வேண்டும். அதற்கென்றே ஒரு கூடம் உண்டு.